முதலீட்டை நானே பார்த்துக்கொள்ளலாமா, ஆள் வைக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். போனஸ் வந்த வாரத்திலும், வரிக் கணக்கு கொடுக்கும் சமயத்திலும், யாராவது ரிட்டயர் ஆகப் போகும்போதும் என் மேஜைக்கு வந்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் செபியில் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் கிடையாது, எதையும் விற்பதும் கிடையாது. பதினோரு வருஷமாக வீட்டுப் பணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், நடுவில் இரண்டு முறை ஃபீஸ் கட்டி ஆலோசகரிடம் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதுதான் எல்லாம்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

அப்பாவால். 2012இல் ரிட்டயர் ஆனார். பணிக்கொடையும் பி.எஃப்.பும் கணக்கில் விழுந்த அதே வாரம், முப்பது வருஷமாக அவர் கணக்கு வைத்திருந்த வங்கியில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்து, "அஞ்சு வருஷ டெபாசிட் மாதிரிதான் சார், வட்டி மட்டும் கொஞ்சம் கூட வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா மூன்று லட்ச ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து போன் வந்தது, இரண்டாவது பிரீமியம் கட்ட வேண்டும் என்று.

அது டெபாசிட்டே இல்லை. யூலிப், அதாவது பங்குச் சந்தையோடு சேர்ந்த இன்ஷூரன்ஸ். வருஷா வருஷம் மூன்று லட்சம் கட்ட வேண்டும். அப்பாவின் பென்ஷன் அப்போது மாதம் பதினாலாயிரம். கட்ட முடியவில்லை, பாலிசி நின்றது, கட்டணம் பிடித்தது போக மீதிப் பணம் ஐந்து வருஷம் முடியும் வரை சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரி ஏதோ ஒன்றில் கிடந்தது. அது டெபாசிட் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்த போன் வந்து ஆறு மாதம் கழித்துத்தான். பீரோவில் துணிக்கு அடியில் அந்த ரசீதை வைத்திருந்தார். பணம் போனது ஒரு பக்கம், பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் அந்த மனுஷன் ஆறு மாதம் தவித்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அப்பா ஆலோசனை கேட்கப் போனது தப்பே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் காசோலையிலிருந்து என்ன கிடைக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

சரி, ஒரு சாதாரண சம்பளக்காரர் தானே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். மாதச் சம்பளம், ஒரு வீட்டுக் கடன், ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், பி.எஃப். பிடிக்கிறார்கள், இவ்வளவுதான் உங்கள் நிலைமை என்றால் தாராளமாக முடியும். செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால் டேர்ம் பாலிசி (நாம் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) ஒன்று, அலுவலகத்தில் கொடுப்பது போக சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு. அதற்கு மேல் மிஞ்சுவதில் ஒரு பகுதி பி.பி.எஃப். (அரசின் நீண்ட காலச் சேமிப்புத் திட்டம்) மாதிரி பத்திரமான இடத்தில், ஒரு பகுதி நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்டில், எஸ்ஐபியாக, அதாவது மாதா மாதம் ஒரு தொகையாக. பத்து வருஷத்துக்குத் தொடத் தேவைப்படாத பணம் மட்டும்தான் அந்த ஃபண்டுக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இதற்கு அறிவு நிறைய வேண்டும் என்று பயப்படுகிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். வேண்டியது மனசு நிலையாக இருப்பது, அது வேறு விஷயம். 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்) மார்ச் 23ஆம் தேதி 26,000க்குக் கீழே வந்து முடிந்தது, அன்று ஒரே நாளில் மட்டும் 13 சதவீதம் விழுந்தது. ஊரடங்கு, சம்பளம் வருமா என்று தெரியாது, டிவியைப் போட்டால் சாவு எண்ணிக்கை. இத்தனை வருஷம் படித்திருந்த நானே ஏப்ரலில் எஸ்ஐபியை நிறுத்தினேன். திரும்பத் தொடங்கியது நவம்பரில், அதற்குள் சந்தை பெரும்பாலும் மீண்டு வந்துவிட்டது, அடுத்த ஜனவரியில் 50,000ஐத் தொட்டது. மலிவாகக் கிடைத்த ஏழு மாதத்தையும் விட்டேன். அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லாரும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை, இந்தக் குழப்பத்தில்தான் எல்லாத் தப்பும் தொடங்குகிறது. விசிட்டிங் கார்டில் 'வெல்த் மேனேஜர்', 'நிதி ஆலோசகர்' என்று அச்சடித்திருப்பதைப் பார்க்காதீர்கள், அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு வகை, செபியில் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்தவர்கள். இதற்கான விதிமுறைகள் 2013இல் வந்தன. பதிவெண் ஐஎன்ஏ என்ற எழுத்துகளில் தொடங்கும். இவர்கள் உங்களிடம் மட்டும்தான் ஃபீஸ் வாங்கலாம், உங்களுக்குச் சொல்லும் ஆலோசனைக்காக ஃபண்ட் கம்பெனியிடமோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமோ கமிஷன் வாங்கக் கூடாது. நாடு முழுவதும் சேர்த்தே ஆயிரம் பேரை ஒட்டித்தான் இருக்கிறார்கள், அதனால் உங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். பரவாயில்லை, வீடியோ காலிலேயே எல்லாம் நடக்கிறது. நான் போனவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார்.

இன்னொரு வகை மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்கள். இவர்களுக்கு ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபி கொடுக்கும் ஏஆர்என் என்ற பதிவு எண் இருக்கும், லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த பெரும்பாலான 'மியூச்சுவல் ஃபண்ட் சார்' எல்லாம் இவர்கள்தான். உங்களிடம் எதுவும் வாங்க மாட்டார்கள், ஃபண்ட் கம்பெனி இவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும், உங்கள் பணம் அங்கே இருக்கும் வரை வருஷா வருஷம் கொடுக்கும். இது சட்டப்படியான தொழில்தான், நல்லவர்களும் நிறையப் பேர் உண்டு. அப்புறம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள். அப்புறம் வங்கியில் 'உங்கள் கணக்குக்கு நான்தான் சார் பொறுப்பு' என்று அழைக்கும் பையன்களும் பெண்களும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, மாதா மாதம் டார்கெட்டை வைத்துக் கழுத்தை நெரிக்கிறார்கள், இரண்டு வருஷத்தில் வேறு கிளைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ரிட்டயர்மெண்ட் பணத்தோடு அவர்கள் எதிரே உட்காராதீர்கள். அங்கே கேட்கிற எதற்கும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

என் ஏஜெண்ட் என்னிடம் ஒரு பைசா வாங்குவதில்லையே, அப்புறம் ஏன் நான் ஆலோசகருக்கு ஃபீஸ் கட்டணும்?

வாங்குகிறார், உங்கள் கண்ணில் படாமல் போகிறது. 2013 ஜனவரி முதல் எல்லா மியூச்சுவல் ஃபண்டும் இரண்டு வடிவத்தில் வருகிறது: டைரக்ட், ரெகுலர். ஃபண்ட் ஒன்றேதான், உள்ளே இருக்கும் பங்குகளும் ஒன்றேதான். ரெகுலரில் விநியோகஸ்தரின் கமிஷனும் செலவில் சேர்ந்திருக்கும், அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பணத்திலிருந்து கழியும். பங்குச் சந்தை ஃபண்டுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அரையிலிருந்து ஒரு சதவீதம், சிலதில் அதற்கு மேலும் இருக்கும்.

ஒரு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 வருஷம் போட்டால் கையிலிருந்து போவது 24 லட்சம். வருஷத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால் கடைசியில் கிட்டத்தட்ட ஒரு கோடி. 11 சதவீதமே வளர்ந்தால் 87 லட்சம் சொச்சம். அந்தப் பன்னிரண்டரை லட்சத்தை நீங்கள் யாருக்கோ கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்தது சரியா தப்பா என்பது அவர் அந்த இருபது வருஷத்தில் உங்களுக்கு என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. (12 வரும் என்று நான் உத்தரவாதம் சொல்லவில்லை, வித்தியாசத்தைக் காட்டத்தான் கணக்கு.)

எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, இதை எல்லாரும் ஒருமுறையாவது செய்துவிட வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுகளின் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இணையதளங்களில் உங்கள் பேன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்தால் எல்லா ஃபண்டுகளுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை மெயிலில் வரும். (கேம்ஸ் நம்ம சென்னைக் கம்பெனிதான்.) ஒவ்வொரு ஃபண்ட் பெயருக்குப் பக்கத்திலும் டைரக்டா ரெகுலரா என்று போட்டிருக்கும், ரெகுலராக இருந்தால் விநியோகஸ்தரின் ஏஆர்என் எண்ணும் இருக்கும். மார்ச், செப்டம்பர் முடிந்ததும் தானாகவே வருகிற அரையாண்டு அறிக்கையில் உங்கள் முதலீட்டுக்காக அவருக்கு எத்தனை ரூபாய் கமிஷன் போனது என்றே அச்சாகியிருக்கும்.

எங்கள் கேன்டீன் சூப்பர்வைசர் அண்ணன் தன் அறிக்கையை என் மேஜையில்தான் திறந்தார். 18 லட்சத்துக்குப் பக்கம் ஃபண்டுகள், ஆறு மாதத்துக்கான கமிஷன் 7,400 ரூபாய் சொச்சம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். "வருஷத்துக்குப் பதினஞ்சாயிரமாப்பா? தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுப்பாரே, அவ்வளவுதானே பார்த்தேன்" என்றார். அவர் ஏஜெண்டை விட்டு வரவில்லை. போன் போட்டு, "ஏன் இந்த ஒன்பது ஃபண்ட், பொண்ணு கல்யாணத்துக்கு மூணு வருஷம்தான் இருக்கு, என்ன பண்ணணும், வந்து சொல்லுங்க" என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏஜெண்ட் ஃபைலோடு வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒன்பதை நாலாக்கி, கல்யாணப் பணத்தைச் சந்தையிலிருந்து எடுத்து மாற்றிக் கொடுத்தார். கொடுக்கிற காசுக்கு வேலை வாங்குவதும் ஒரு வழி, எனக்கு அதில் மரியாதை உண்டு.

அப்போ எல்லாரும் உடனே டைரக்டுக்கு மாறிடணுமா?

அவசரப்படாதீர்கள். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது வரிக் கணக்கில் விற்றுவிட்டு வாங்குவதுதான். 2024 ஜூலை 23 முதல், பங்குச் சந்தை ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20 சதவீதம், ஃபண்டைப் பொறுத்து வெளியேறும் கட்டணமும் சேரும். அதனால் புது எஸ்ஐபியை டைரக்டில் தொடங்குங்கள், பழையதை ஒவ்வொரு நிதியாண்டும் அந்த 1.25 லட்சத்துக்குள் அடங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

மாறவே வேண்டாத ஆட்களும் உண்டு. என் அத்தையின் ஏஜெண்ட் 2020 மார்ச்சில் நாலு முறை போன் செய்து, "அக்கா, எதையும் விக்காதீங்க, டிவியை ஆஃப் பண்ணுங்க" என்று சொன்னார். அத்தை விற்கவில்லை. நான் நிறுத்தினேன், அத்தை தொடர்ந்தார்! அந்த நாலு போனுக்கு அவருக்குப் போகிற கமிஷன் தகும்.

ஆலோசகர் ஃபீஸ் எவ்வளவு? எனக்குக் கட்டுபடி ஆகுமா?

செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிரந்தர ஃபீஸ் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, சொத்து மதிப்பில் சதவீதமாக வாங்கினால் 2.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. அவ்வளவு கேட்கிறவரிடம் சம்பளக்காரர் போகத் தேவையே இல்லை. நான் விசாரித்த இடங்களில் ஒரு குடும்பத்துக்கு முழுத் திட்டம் போட்டுக் கொடுக்க 15,000 முதல் 40,000 வரை கேட்டார்கள். இரண்டாம் முறை போனபோது நான் கட்டியது 18,000.

கணக்கு எளிது. உங்களிடம் இருப்பதே 3 லட்சம் என்றால் அந்த 18,000 ஆறு சதவீதம், ஒரு வருஷ வட்டியே போய்விடும், வேண்டாம், அந்தப் பணத்தில் டேர்ம் பாலிசி எடுங்கள். 50 லட்சம் இருந்தால் அது அரை சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் ஒரே ஒரு முறை. என் சொந்த அளவுகோல், பி.எஃப். போக 20 லட்சத்தைத் தாண்டும்போது ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வரலாம் என்பது. சதவீதக் கணக்கில் வருஷா வருஷம் வாங்குகிறவரை விட, வேலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் சம்பளக்காரருக்கு நல்லது. உங்கள் பணம் வளர வளர அவர் வேலை ஒன்றும் அதே அளவுக்குக் கூடிவிடுவதில்லை.

யார் கண்டிப்பாக ஆலோசகரிடம் போகணும்?

மொத்தமாகப் பெரிய தொகை வருகிறவர்கள் எல்லாரும். ரிட்டயர்மெண்ட் பணம், கணவர் இறந்து வந்த இன்ஷூரன்ஸ் தொகை, பூர்வீக நிலம் விற்ற காசு. இதுவரை பத்தாயிரம் பத்தாயிரமாகச் சேர்த்தவர்கள் கையில் திடீரென்று 60 லட்சம் விழும், ஊரே வந்து வழி சொல்லும், ஒரே கையெழுத்தில் போய்விடும். இவர்களுக்கு நான் சொல்வது: முதல் மூன்று மாதம் எதுவும் செய்யாதீர்கள், வங்கியில் சாதாரண ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வையுங்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் என்பதை நினைவில் வைத்து, பெரிய தொகையை இரண்டு மூன்று நல்ல வங்கிகளில் பிரித்து வையுங்கள். துக்க வீட்டில் வந்து விண்ணப்பத்தில் கையெழுத்து கேட்கிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிலம் விற்றவர்களுக்கு ஆலோசகரோடு ஆடிட்டரும் வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம் என்றால் 12.5 சதவீத வரியா, பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதமா, எது குறைவோ அந்தக் கணக்கில் கட்டலாம். தாத்தா காலத்து நிலத்துக்கு வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். விற்ற ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனங்கள் வெளியிடும் 54இசி பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டால் அந்த அளவு லாபத்துக்கு வரி இல்லை. இதில் ஒரு தேதி தவறினால் லட்சக் கணக்கில் போகும், நாமே படித்துச் செய்கிற வேலை இல்லை இது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் கேட்டே ஆக வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அவ்வளவு சிக்கலில்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போது அப்பா சொன்னார் என்று இங்கே மியூச்சுவல் ஃபண்டில் போட்டால், அந்த நாட்டு வரித்துறை அதைப் பிஎஃப்ஐசி என்ற கடுமையான வகையில் சேர்த்துவிடும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவம், வரியும் அதிகம். இரண்டு நாட்டு விதியும் தெரிந்தவரிடம் போவதுதான் சரி. கடைசியாக, தனக்குப் பிறகு மாற்றுத்திறனாளிப் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கவலையில் இருக்கும் பெற்றோர். எந்த ஃபண்ட் என்பதை விட டிரஸ்ட், உயில், காப்பாளர் என்பதெல்லாம் அங்கே பெரிய கேள்வி, தனியாகச் சுமக்காதீர்கள்.

மச்சான்தான் ஏஜெண்ட். எப்படி முடியாது என்று சொல்வது?

என்னிடம் வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது இதுதான், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். என் பதில்: மச்சானிடமே டேர்ம் பாலிசி எடுங்கள். அதிலும் அவருக்குக் கமிஷன் உண்டு, உங்களுக்கும் தேவையான பொருள், உறவும் கெடாது. பணம் திரும்ப வரும் பாலிசியைக் காட்டினால், "இந்த வருஷம் டேர்ம் மட்டும் போதும் மச்சான்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஐந்து, ஆறு சதவீதம்தான் தரும். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம் தருகிற பி.பி.எஃப். எந்த ஏஜெண்டும் இல்லாமலே தபால் நிலையத்தில் கிடைக்கிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், சின்னப் பிடித்தம் போகப் பணம் வரும். அந்தக் கடிதத்தை நேராகக் கம்பெனிக்கே அனுப்புங்கள், மச்சான் கையில் கொடுக்காதீர்கள்.

யூடியூப், டெலிகிராமில் சொல்வதைக் கேட்டு நானே செய்தால்?

டேர்ம் என்றால் என்ன, இண்டெக்ஸ் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள யூடியூப் நல்லது. எந்தப் பங்கை எப்போது வாங்கு என்று சொல்கிற குழு எதுவாக இருந்தாலும் வெளியே வாருங்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) பற்றி செபியே கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது: மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், எல்லாருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். எங்கள் ஷாப் ஃப்ளோரில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்காமல் காலை ஒன்பதேகாலுக்கு போனோடு உட்காரும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று யார் சொன்னாலும் அது முதலீடே கிடையாது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்டு 2012இல் ஏமாந்தவர்களும், பத்து வருஷம் கழித்து மாதம் 25, 30 சதவீதம் என்று நம்பிப் போட்டவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்.

சீட்டு, தங்கம், மனை பற்றி ஆலோசகர் பேசவே மாட்டேன் என்கிறார்களே?

சிலர் பேச மாட்டார்கள், அது அவர்கள் குறை. நம் வீடுகளில் சொத்தில் பாதி அங்கேதானே இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் திட்டம் போட்டு என்ன பயன்? சீட்டு என்றால் பதிவு செய்த சீட்டா என்று மட்டும் பாருங்கள், சேமிப்புக்கும் அவசரக் கடனுக்கும் அது உதவும். மனை, தங்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

முதல் சந்திப்பில் என்ன கேட்கணும்?

ஐஎன்ஏ எண்ணைக் கேட்டு வாங்கி, செபி இணையதளத்தில் அந்தப் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பதிவு செய்தவர்களின் பெயர்களை வேறு யாராவது திருடிப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. "என்னால் உங்களுக்கு வேறு யாரிடமிருந்தாவது பணம் வருமா?" என்று நேராகவே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். முதலீட்டுப் பணம் எப்போதும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்குத்தான் போக வேண்டும், ஃபீஸைத் தவிர ஒரு ரூபாய்கூட ஆலோசகர் கணக்குக்குப் போகக் கூடாது. ஓடிபி, பாஸ்வேர்ட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். நான் போனபோது எந்த ஃபண்ட் நல்லது என்று கேட்கப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன், பதினாலு ஃபண்ட் வைத்திருந்தேன் அப்போது. அவர் முதல் முக்கால் மணி நேரம் ஃபண்ட் பேச்சே எடுக்கவில்லை. அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, மனைவி வேலைக்குத் திரும்புவாரா, யார் கடனுக்காவது ஜாமீன் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்து, "பி.எஃப். நாமினி யார்?" என்றார். அண்ணன் என்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது. கல்யாணம் ஆனதுமே அந்த நியமனம் செல்லாது என்றும், புதிதாக மனைவி பெயரைக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணக்குப் பிரிவிலேயே வேலை செய்து ஒன்பது வருஷமாக அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அன்றிரவே இணையத்தில் மாற்றினேன். கொடுத்த ஃபீஸ் அந்த ஒரு கேள்விக்கே சரியாகிவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆலோசகர் ஏமாற்றினால்?

முதலில் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம், 21 நாளுக்குள் ஆலோசகர் பதில் தர வேண்டும். பதிவே இல்லாதவரிடம் கொடுத்து ஏமாந்தால் போலீஸுக்குத்தான் போக வேண்டும், மீட்பது ரொம்பக் கஷ்டம்.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே கவனமாக இருக்கணும்?

வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆலோசகரோ ஏஜெண்டோ இருக்கும் வீட்டில், நாளைக்கு நமக்கு ஒன்று ஆனால் மனைவி அழைக்க ஒரு போன் நம்பராவது இருக்கும். நாமே பார்த்துக்கொள்ளும் வீட்டில் எல்லாம் நம் தலைக்குள்ளும் நம் போனுக்குள்ளும் இருக்கிறது. போன வருஷம் எங்கள் பிரிவில் நாற்பத்தாறு வயதில் ஒருவர் இறந்துபோனார். எங்கெங்கே என்ன வைத்திருந்தார் என்று அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை. மெயிலைத் திறக்க வழியில்லை, போனுக்கு லாக். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பேன் எண்ணை வைத்து விசாரித்து, ஒவ்வொரு இடமாகப் போய் எல்லாம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு நூறு பக்க நோட்டு போட்டேன். வங்கி, ஃபண்ட் ஃபோலியோ எண், பாலிசி எண், நாமினி யார், யாரை அழைக்க வேண்டும், எல்லாம் தமிழில், என் கையெழுத்தில். பாஸ்வேர்ட் அதில் இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வருஷத்தில் ஒரு ஞாயிறு, நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, மனைவிதான் நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக லாகின் செய்து பார்ப்பார். இந்த வருஷம் பொண்ணும் கூட உட்கார்ந்தாள். ஒரு ஃபண்டில் நாமினி பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.